தலைவருக்குத் தங்கை இல்லை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், கஸ்தூரியம்மாள் முதன்முதலாகத் திருவேங்கடத்தைக் கண்டார். பெரியதிட்டுக் குப்பத்து மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செயலாளராக அமர்த்தப்பட்டு, பழவேற்காட்டிலிருந்து ஏரியைக் கடந்து தோணியில் வந்திருந்தார் அவர். ஒரு கையில் குடையும் மறுகையில் செருப்புமாக இறங்க வழி தெரியாமல் தடுமாறியபோது, கரையில் நின்ற நெட்டையான மனிதர் ஒருவர் கைநீட்டினார். நீட்டிய கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

“அம்மாவுக்கு எந்த ஊரு?”

“அனுப்பம்பட்டு.”

“எங்க சனம் யாராச்சும் உங்களுக்குச் சொந்தமா?”

“யாரும் இல்லீங்க. ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான். இப்ப எறங்குங்க” என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு, அந்த மனிதர் கையை முழுவதுமாக நீட்டினார்.

அவர்தாம் சங்கத்தின் தலைவர் திருவேங்கடம். சேற்றில் விழாமல் காப்பாற்றப்படுவதற்குக்கூட உறவின்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் நடைமுறையைக் கஸ்தூரியம்மாள் அதற்கு முன்பு எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

அந்த நடைமுறைக்குக் காரணம் இருந்தது. முந்தைய தலைவருக்கு மகள்கள் பலர். ஆகவே மருமகன்களும் பலர். சங்கத்துக்கு நைலான் நூல் வந்தால் மூத்த மருமகனுக்கு, புதுத் தோணி வந்தால் அடுத்த மருமகனுக்கு, ஒன்றும் வராவிட்டால் மட்டுமே ஊருக்கு என்று அவர் ஆட்சி நடந்தது. ஊர் பொறுத்துப் பார்த்து, பிறகு பொறுக்காமல், அவரை இறக்கிவிட்டுத் திருவேங்கடத்தை அமர்த்தியது. திருவேங்கடம் கங்கையம்மன் சந்நிதியில் கற்பூரத்தை ஏற்றிவைத்து, தம் சொந்தக்காரன் ஒருவனுக்கும் சங்கத்திலிருந்து ஒரு முழம் நூல்கூடக் கூடுதலாகப் போகாது என்று வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றாத தலைவர்களைப் பலரும் அறிவர். திருவேங்கடம் அதைத் தேவைக்கு மேல் காப்பாற்றினார். சொந்தக்காரனுக்குக் கூடுதலாகப் போகாமல் இருக்க வேண்டுமானால், குறைவாகப் போவதே பாதுகாப்பு என்று அவர் கண்டுகொண்டார். இருவர் வழக்கென்று வந்தால், யார் தமக்குச் சொந்தமோ அவர் தோற்றார்.

தொல்லை என்னவென்றால், கடலுக்கும் ஏரிக்கும் இடையே கிடந்த அந்த மணல்திட்டில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். பெண் கொடுத்த வழியில் மாமனாக இருப்பவர், பெண் எடுத்த வழியில் மருமகனாகவும் இருப்பார். ஆகவே சங்கத்துக்கு வரும் வழக்குகளில் யார் பக்கம் நியாயம் என்ற கேள்வி மெல்ல மெல்ல மறைந்து, யார் தலைவருக்கு இன்னும் நெருங்கிய உறவு என்பதே விசாரணைக்கு உரியதாகிவிட்டது. கஸ்தூரியம்மாள் கண்ட முதல் வழக்கே அப்படிப்பட்டதுதான்.

ஏரிக்கரையில் புன்னை மரத்தடி ஒன்று இருந்தது. வலை உலர்த்த நிழலும் காற்றும் சேர்ந்த இடம் வேறு இல்லை. அதை மாணிக்கமும் கேட்டார், சின்னதம்பியும் கேட்டார். மாணிக்கம் முந்திக்கொண்டார்.

“தலைவரே, எடத்தப் பத்தி அப்பறம் பேசலாம். இந்தச் சின்னதம்பி யாரு? உங்க சின்னாத்தாவோட கொழுந்தன் மவன்.”

“நான் இல்லேன்னு சொன்னனா?” என்றார் சின்னதம்பி. “ஆனா இவன் பொண்டாட்டி யாருன்னு கேளுங்க. உங்க நைனா கொழந்தையா இருக்கச்சொல பால் குடுத்த அம்மாவோட பேத்தி. பால் வழிச் சொந்தத்துக்கு முன்னாடி சின்னாத்தா கொழுந்தன்லாம் எந்த மூலைக்கு?”

“யோவ், பாலு குடுத்தது என் பொண்டாட்டியோட பாட்டி. நான் குடுக்கல.”

“நீ அந்த வூட்டுலதானே சோறு துன்ற?”

இருவரும் தலைவருக்குத் தாங்கள் எவ்வளவு தூரம் என்பதையும், எதிராளி எவ்வளவு பக்கம் என்பதையும் பகல் முழுவதும் மெய்ப்பித்தார்கள். திருவேங்கடம் கண்களை மூடிக் கேட்டார். கடைசியில் இருவரும் தமக்கு உறவுதான் என்று முடிவு செய்து, புன்னை மரத்தடியைப் பழவேற்காட்டு இறால் வியாபாரி அப்துல் ரவூபுக்குத் தராசு வைக்கக் கொடுத்துவிட்டார். ரவூப் அந்த இடத்தைக் கேட்கவே இல்லை.

“நான் வாணாம்னுதான் சொன்னேன் மேடம்” என்று ரவூப் மறுநாள் கஸ்தூரியம்மாளிடம் வருந்தினார். “கேக்க மாட்டேங்கறாரு. இந்தக் குப்பத்துல இந்த மனுசருக்குச் சொந்தம் ஆவாதது நானும் என் தராசும்தான். நேத்து வாய் தவறி ‘மாமா’ன்னு கூப்புட்டேன். அப்படிக் கூப்புடாத, எடம் பூடும்னு கோச்சிக்கறாரு.”

கஸ்தூரியம்மாள் விதிகளை மதிப்பவர். தலைவருக்குச் செயலாளர் அறிவுரை கூறலாம் என்று விதியில் இருந்தது, ஆகவே கூறினார்.

“தலைவரே, சொந்தக்காரங்களுக்குச் சாதகமா முடிவு எடுத்தா அது ஒரு பக்கம் சாயறது, இல்லீங்களா?”

“ஆமா.”

“சொந்தக்காரங்கங்கறதுக்காகவே எதிரா முடிவு எடுத்தா?”

“அது நேரா நிக்கறது.”

“அதுவும் சாயறதுதான். இந்தப் பக்கம் சாயாம அந்தப் பக்கம் சாயறீங்க.”

திருவேங்கடம் சிரித்தார். “தோணியில நீங்க ஏறினதே இப்பத்தான் செக்ரட்டரியம்மா. தோணி இந்தப் பக்கம் சாஞ்சா நாங்க அந்தப் பக்கம் போயிக் குந்துவோம். அப்பத்தான் முழுவாது.”

“தோணி நிமிந்த பிறகும் அங்கேயே உக்காந்திருந்தா?”

திருவேங்கடம் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஏரியைப் பார்க்கப் போய்விட்டார்.

எழுபத்தாறாம் ஆண்டு ஆவணி வரையில் இதெல்லாம் சிரிப்புக்குரியதாகவே இருந்தது. அந்த ஆவணியில் திருவேங்கடத்தின் தங்கை இருசம்மாளின் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார்.

முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகச் சிக்கும் இடங்களுக்குப் ‘பாடு’ என்று அங்கே பெயர். இடங்கள் சில, குடும்பங்கள் பல. ஆகவே யாருக்கு எப்போது எந்தப் பாடு என்பதை ஆண்டுதோறும் மார்கழிக்கு முன்பு ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். சீட்டுக்கு உறவும் தெரியாது, பகையும் தெரியாது. ஆனால் யார் பெயரைச் சீட்டில் சேர்ப்பது என்பதை மனிதர்தாமே முடிவு செய்ய வேண்டும்? வலை கட்டப் போகும் ஆண்மகன் உள்ள குடும்பத்தின் பெயரையே சேர்ப்பது வழக்கம். இருசம்மாளுக்கு இருந்தவர்கள் இரண்டு பெண்கள். அந்த ஆண்டு சீட்டில் அவர் வீட்டுப் பெயர் இராது.

“தோணி என்னுது, வலை என்னுது” என்று இருசம்மாள் சங்க வாசலில் வந்து கேட்டார். “கூலிக்கு ஒரு ஆள வெச்சி நான் பாடு எடுக்கறேன். தண்ணியில நிக்கறது யாரு காலா இருந்தா இறாலுக்கு இன்னா?”

அவர் கேட்டது தமக்கு மட்டும் அன்று. குப்பத்தில் வேறு கைம்பெண்களும் இருந்தனர். அவர்களில் ஒருவரான சாமுண்டீஸ்வரி, தோணியை விற்றுவிட்டுத் தலைச்சுமையாக மீன் விற்றுக்கொண்டிருந்தார். பாடு போனால் இருசம்மாளுக்கும் அதுவே வழி. ஊரில் பெரும்பாலோர்க்கு இக்கோரிக்கையில் மறுப்பு இல்லை. மறுப்பு உள்ளவர் ஒருவரே, அவர் தலைவர்.

“எல்லாம் உன்னாலதான்டி” என்று சாமுண்டீஸ்வரி இருசம்மாளிடம் அலுத்துக்கொண்டதைக் கஸ்தூரியம்மாள் சன்னல் வழியே கேட்டார். “நீ மட்டும் அந்தாளுக்குத் தங்கச்சியாப் பொறக்காம இருந்திருந்தா இன்னேரம் எனக்குப் பாடு கெடச்சிருக்கும்.”

“நான் இன்னா கேட்டுக்கினா பொறந்தேன்? எங்கம்மா கையில போயிக் கேளு.”

“உங்கம்மா செத்து எத்தினி வருசம் ஆவுது.”

“அதான் சொல்றேன், போயிக் கேளு.”

கஸ்தூரியம்மாள் மீண்டும் தலைவரிடம் பேசிப் பார்த்தார்.

“இருசம்மா உங்க தங்கையா இல்லாம இருந்தா என்ன செய்வீங்க?”

“பேர சேத்திருப்பேன்.”

“அப்படின்னா அவங்க கேக்கறது நியாயம்தானே?”

“நியாயம்தான். அதான் குடுக்க முடியல. நியாயம் இல்லாதத அவ கேட்டிருந்தா இல்லேன்னு சொல்லிட்டு நிம்மதியாத் தூங்குவேன். குடுத்தா ஊரு இன்னா சொல்லும்? பழைய தலைவருக்கு மருமவனுங்கோ, இவருக்குத் தங்கச்சின்னு சொல்லும். அப்பறம் நான் எதுக்கு, அவரே இருந்திருக்கலாமே?”

இந்த உரையாடலைக் கஸ்தூரியம்மாள் ஒளிக்காமல் இருசம்மாளிடம் சொன்னார். தம் முயற்சி பலிக்கவில்லை என்பதைத் தெரிவிப்பது மட்டுமே அவர் நோக்கம். இருசம்மாள் வாயில் இருந்த வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு, “தங்கச்சியா இல்லாம இருந்தா பேர சேத்திருப்பேன்னா சொன்னாரு?” என்று கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். பிறகு மெல்லத் தொடங்கினார்.

சீட்டுக்கு முந்தைய கூட்டம் சங்கக் கட்டடத்துக்கு வெளியே மணலில் நடந்தது. கைம்பெண்கள் கூலி ஆள் வைத்துப் பாடு எடுக்கலாம் என்னும் தீர்மானத்தைக் கஸ்தூரியம்மாள் படித்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பெரும்பாலும் சம்மத முணுமுணுப்பு. திருவேங்கடம் மறுப்புச் சொல்லத் தொண்டையைச் செருமியபோது, பெண்கள் பக்கத்திலிருந்து இருசம்மாள் எழுந்தார். சங்கக் கூரையிலிருந்து ஒரு கீற்றுத் துரும்பை இழுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

துரும்பு கிள்ளிப் போடுவது என்றால் என்ன என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஊர் பார்க்கத் துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போட்டுவிட்டால் உறவு முறிந்தது. ஒத்துப்போகாத கணவன் மனைவிக்குத்தான் அது நடப்பது வழக்கம். கூடப்பிறந்தவரிடம் அதைச் செய்தவர் யாரும் அதுவரை இல்லை.

“ஊரு பாத்துக்கோங்க” என்றார் இருசம்மாள். “இந்தத் தலைவரு எனக்கு அண்ணன் இல்ல. நான் அவருக்குத் தங்கச்சி இல்ல. இனிமே அவரு வூட்டு நல்லது கெட்டதுக்கு நான் போவ மாட்டேன். என் வூட்டுக்கு அவரும் வரவாணாம்.”

துரும்பைக் கிள்ளி இரு பக்கமும் எறிந்துவிட்டு, சாமுண்டீஸ்வரியின் அருகே போய் உட்கார்ந்துகொண்டார்.

திருவேங்கடத்தின் முகத்தில் அப்போது கடந்துபோனவற்றைக் கஸ்தூரியம்மாளால் வரிசைப்படுத்த இயலவில்லை. முதலில் அடிவாங்கியவர்போல் இருந்தார். அப்புறம் யோசித்தார். பிறகு, சுமையை இறக்கிவைத்தவனுடைய முகம்போல் அவர் முகம் மலரத் தொடங்கியது. மலர்ந்தது வெளியே தெரியக் கூடாது என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

“சின்னதம்பி, இந்தம்மா எனக்கு இன்னா முறை?”

சின்னதம்பி புரிந்துகொண்டார். “ஒரு முறையும் இல்ல தலைவரே. இப்பத்தானே அறுந்துபோச்சி.”

“மாணிக்கம்?”

“ரவூப் பாய் எப்படியோ அப்படித்தான்” என்றார் மாணிக்கம்.

“அப்படீன்னா வெளியாளு கேக்கறாங்கோ, நியாயமாவும் கீது. தீர்மானத்த எழுதிக்கோங்க செக்ரட்டரியம்மா.”

ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. அவ்வாண்டுச் சீட்டில் மூன்று கைம்பெண்களின் பெயர்கள் சேர்ந்தன. இருசம்மாளுக்கு முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல பாடே விழுந்தது; சாமுண்டீஸ்வரி மறு ஆண்டே ஒரு பழந்தோணி வாங்கினார்.

திருவேங்கடம் இது கூட்டத்துக்கு மட்டும் ஆடிய நாடகம் என்று எண்ணியிருந்தார். பொங்கல் வந்தது. வழக்கம்போல் தங்கை வீட்டுக்குப் புடவையும் கரும்பும் மஞ்சள்கொத்தும் அனுப்பினார். அவை அன்று மாலையே சங்க அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன, கொண்டுவந்தவர் இருசம்மாளே.

“செக்ரட்டரியம்மா, தலைவரு யாருக்கோ அனுப்பினது என் வூட்டுக்கு வந்துடிச்சி. இதக் குடுத்துடுங்க.”

“இருசம்மா, அவர் ஆசையா அனுப்பினதுதானே. வாங்கிக்கக் கூடாதா?”

“வாங்கிக்கினா மாணிக்கம் இன்னா சொல்லுவான்? அடுத்த சீட்டுக்குப் பேரு சேக்கச்சொல, பொங்கச்சீரு போன வூட்டுக்குத்தான பாடு போவுதும்பான். அப்ப தலைவரு இன்னா பண்ணுவாரு? என் பேர எடுத்துடுவாரு. என் பேரோட சாமுண்டி பேரும் பூடும்.” அவர் புடவையின் கரையை ஒருமுறை தடவிப் பார்த்தார். “நல்ல கெட்டிக் கரை. அண்ணிக்கு நல்லா இருக்கும்னு சொல்லுங்க.”

தீர்மானம் ஓராண்டுக்கே செல்லும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பவர் நடுநிலை தவறாத தலைவர். அவர் நடுநிலை தவறாமல் இருக்க வேண்டுமானால் அவருக்குத் தங்கை இருக்கக் கூடாது.

“நான் தலைவர் பதவிய வுட்டுட்டா?” என்று ஒரு நாள் திருவேங்கடம் கேட்டார்.

“அடுத்து மாணிக்கம்தான் வருவார்.”

“மாணிக்கத்துக்கு எத்தினி மச்சான்?”

“நிறைய.”

“அப்ப வாணாம்” என்றார் திருவேங்கடம்.

இவ்வாறு ஆண்டுகள் சென்றன. வழியில் எதிர்ப்பட்டால் இருசம்மாள் “கும்பிடறேன் தலைவரே” என்பார். திருவேங்கடம் “நல்லா இருக்கியாம்மா” என்று ஊராரைக் கேட்பதுபோல் கேட்பார். எண்பத்தோராம் ஆண்டு தையில் இருசம்மாளின் மூத்த மகளுக்குத் திருமணம் நடந்தது. தாய்மாமன் இல்லாமல் மணப்பெண் மணையில் அமர இயலாது. ஆகவே ஒன்றுவிட்ட மாமன் முறையில் சின்னதம்பி தலைப்பாகை கட்டிக்கொண்டு அவ்விடத்தில் நின்றார். சொந்தத் தாய்மாமன் அழைப்பிதழில் ‘முன்னிலை: சங்கத் தலைவர்’ என்று அச்சிடப்பட்டவராக முன்வரிசை நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவருக்கு மாலை போட்டார்கள். கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அவர் ஒரு வாய்கூடக் குடிக்காமல், சின்னதம்பி தலைப்பாகையைத் தவறாகக் கட்டியிருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தலைவரே, சாப்ட்டுட்டுத்தான் போவணும்” என்று இருசம்மாள் வந்து முறைப்படி சொன்னார்.

“இல்லம்மா, சங்கத்துல வேலை கீது.”

கல்யாணத்தன்று சங்கம் பூட்டியிருந்தது. சாவி பக்கத்து நாற்காலியில் இருந்த கஸ்தூரியம்மாளிடம்தான் இருந்தது.

அதன்பின்னர்தான், அத்தீர்மானத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒரு மனிதரின் மீசையில் தொங்கவிடாமல் சங்கத்தின் நிலையான விதியாக்கிவிட வேண்டும் என்று கஸ்தூரியம்மாள் முனைந்தார். நடந்தது அரசாங்க வேகத்தில். மனுக்கள் பொன்னேரிக்குப் போயின, திரும்பி வந்தன. ஒருமுறை ஒரு முத்திரை குறைந்தது. ஒருமுறை ஒன்று கூடிவிட்டது. இதற்கிடையில் திருவேங்கடத்தின் இருமல் நாளுக்கு நாள் மிகுந்தது. பீடியை விட்டார், இருமல் அவரை விடவில்லை. இருசம்மாள் அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் சீட்டைப் பற்றி ஏதோ கேட்பதுபோல் தொடங்கி, “தலைவருக்கு இருமல் கொறஞ்சிதா?” என்று முடிப்பார். திருவேங்கடமோ, “அந்தம்மா வூட்டுல ரெண்டாவது பொண்ணுக்கு எடம் வந்துதாமே?” என்று ஊர்ச்செய்தியைப்போல விசாரிப்பார். இருவருக்கும் நடுவே செயலாளருக்கு விதியில் சொல்லப்படாத வேலை ஒன்று பல ஆண்டுகள் இருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு மாசியில் விதி பதிவாகி வந்தது. கஸ்தூரியம்மாள் நேரே தலைவர் வீட்டுக்குப் போனார். கயிற்றுக் கட்டிலில், தலைக்கு உயரமாக இரண்டு தலையணைகள் வைத்துச் சாய்ந்திருந்தார் திருவேங்கடம்.

“பதிவாயிடுச்சு தலைவரே. இனி யார் தலைவரா வந்தாலும் அதைத் தொடணும்னா ஊரே கூடணும்.”

“மாணிக்கம் வந்தாக்கூட?”

“மாணிக்கம் வந்தாக்கூட.”

திருவேங்கடம் கண்களை மூடிக்கொண்டார்.

“அப்ப என் ராஜினாமாவ எழுதிக்கோங்க. ஏத்துக்கறதா வாணாமான்னு மட்டும் என்னக் கேக்காதீங்க. அதுல நான் முடிவு சொல்லக்கூடாது. எனக்கு நான் ரொம்ப நெருங்கின சொந்தம்.”

“கூட்டம் கூட்ட முறைப்படி அறிவிப்புக் கொடுக்கணுமே.”

“உங்க விதி என் இருமல விட நிதானமா வருதே செக்ரட்டரியம்மா.”

கஸ்தூரியம்மாள் அதுவரை ஒரு விதியையும் மீறியதில்லை. அவசரக் கூட்டத்துக்கு அறிவிப்புத் தேவையில்லை என்னும் உட்பிரிவு ஒன்று இருப்பது அன்று அவருக்கு நினைவுக்கு வந்தது. உறுப்பினர்கள் பிற்பகலிலேயே கூடினார்கள். மாணிக்கம் முன்மொழிய, சின்னதம்பி வழிமொழிய, ராஜினாமா ஏற்கப்பட்டது. இருவரும் ஒரே பக்கம் கைதூக்கியது சங்க வரலாற்றில் அதுவே முதல் முறை.

செய்தியைச் சொல்லக் கஸ்தூரியம்மாள் தலைவர் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, அடுத்த வீட்டு வாசலில் இருசம்மாள் வலையை மடியில் போட்டுக்கொண்டு கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். அந்த வலையில் கிழிசல் ஏதும் இல்லை. நண்பகலிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருப்பதாகச் சாமுண்டீஸ்வரி கண்ணால் சாடை காட்டினார்.

உள்ளே, திருவேங்கடம் ராஜினாமா ஏற்கப்பட்டதைக் கேட்டுத் தலையசைத்தார். பேச மூச்சுப் போதவில்லை. சிறிது சேர்த்துக்கொண்டு, கஸ்தூரியம்மாளிடம் கடைசியாக ஒன்று கேட்டார்.

“இருசுவ வரச் சொல்லுங்க. வெறுங்கையோட வந்துடப்போறா. பத்து வருசமா என்னத் திட்டணும்னு சேத்து வெச்சிருப்பா, அத்தனையும் எடுத்துக்கினு வரச் சொல்லுங்க. ஒடம்பு சரியில்லாதவனாச்சேன்னு அதுல ஒண்ணுகூடக் கொறைக்க வாணாம்னு சொல்லுங்க.”